கொழும்புக்கும் மெட்ராஸுக்கும் நடுவில் நின்ற ஒரு கட்டடம்



போன வாரம் தரம் 10 பிள்ளைகளுக்கு நிலநடுக்கம் பற்றிய பாடம். திரையில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சேர்ச் நகர வரைபடத்தைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பின் வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கத்தினான்: "சேர், இங்க பாருங்க, நம்மட கொழும்பு இங்க இருக்கு!" பக்கத்தில் இருந்தவன் விடவில்லை. "மெட்ராஸும் இருக்கு சேர்!"

உண்மைதான். அந்த நகரத்தின் நடு வீதியின் பெயர் கொழும்பு வீதி. அதற்குக் கிழக்கே மன்செஸ்டர் வீதி. அதற்கும் கிழக்கே மெட்ராஸ் வீதி. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில், வடக்குத் தெற்காகப் போகின்றன.

அன்று மணி அடித்துவிட்டதால் பாடம் பாதியில் நின்றது. பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

கிரைஸ்ட்சேர்ச் என்றதும் நம்மில் அதிகமானோருக்கு நினைவு வருவது 2019 மார்ச் 15. அந்த ஜும்ஆ தினத்தில் அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வூட் இஸ்லாமிய நிலையத்திலும் 51 பேர் ஷஹீதானார்கள். அந்த நாளை நாம் யாரும் மறக்க மாட்டோம். ஆனால் அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்பே அந்த நகரம் வேறொரு துயரத்தைப் பார்த்துவிட்டது. அந்தக் கதையில் ஒரு கட்டடத்தின் கதையை மட்டும் இன்று சொல்கிறேன்.

முதலில், வீதிப் பெயர்கள் எப்படி வந்தன? 1850 இல் எட்வர்ட் ஜொலி என்ற நில அளவையாளர் அந்த ஊரைச் சதுரம் சதுரமாக அளந்து வரைந்தார். வந்து குடியேற இருந்தவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அதனால் அந்தச் சபையின் மறைமாவட்டங்களின் பெயர்களையே வீதிகளுக்கு வைத்தார்கள். பக்கத்துத் துறைமுக ஊரான லிட்டெல்டனுக்கும் சம்னருக்கும் நல்ல நல்ல ஆங்கிலப் பெயர்கள் முதலிலேயே போய்விட்டன. கிரைஸ்ட்சேர்ச்சின் முறை வந்தபோது அயர்லாந்துப் பெயர்களையும் காலனி நாட்டுப் பெயர்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. மெட்ராஸ் மறைமாவட்டம் 1835 இல் உருவானது, கொழும்பு மறைமாவட்டம் 1845 இல். அப்படித்தான் நமது தலைநகரத்தின் பெயர் உலகத்தின் தெற்கு மூலையில் ஒரு ஊரின் பிரதான வீதியாயிற்று.

இனி கட்டடத்துக்கு வருவோம்.

கொழும்பு வீதிக்கும் மெட்ராஸ் வீதிக்கும் நடுவில் உள்ள மன்செஸ்டர் வீதியில், ஹெரிபர்ட் வீதி வந்து குறுக்கிடும் மூலையில், 1905-1906 காலப்பகுதியில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. கட்டியது நியூசிலாந்து எக்ஸ்பிரஸ் கம்பெனி. சாமான் ஏற்றி இறக்குவதும் ஊருக்கு ஊர் அனுப்புவதும் அவர்களது தொழில். அந்த நாளில் கிரைஸ்ட்சேர்ச்சில் அதைவிட உயரமான வர்த்தகக் கட்டடம் கிடையாது. சுற்றிலும் இரண்டு மூன்று மாடிக் கடைகள்தான்.

காலத்தைக் கணக்குப் பார்க்க ஓர் உதாரணம் சொல்கிறேன். கொழும்பு கோட்டையில் யோர்க் வீதியில் சிவப்பாக நிற்கிறதே கார்கில்ஸ் கட்டடம், அது திறக்கப்பட்டது 1906 இல். அதன் வயதுதான் இதற்கும். நமது புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல் இரண்டுக்கும் தம்பி. அதன் வேலை 1908 இல் தொடங்கி அடுத்த வருடம் முடிந்தது.

கட்டடத்தை வரைந்தவர்கள் லட்ரெல் சகோதரர்கள், அல்பிரட்டும் சிட்னியும். அவுஸ்திரேலியாவின் டஸ்மேனியாவில் இருந்து 1902 இல் கிரைஸ்ட்சேர்ச்சுக்கு வந்தவர்கள். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் அப்போது புதிதாக எழும்பிக்கொண்டிருந்த உயர்மாடிகளின் பாணியை நியூசிலாந்துக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். கீழிருந்து மேலே ஒரே ஓட்டமாகப் போகும் தூண்கள், அவற்றுக்கிடையில் வரிசை வரிசையாக யன்னல்கள், உச்சியில் வளைவுகள். ஒரு சிறு ஊர் தன்னை நகரம் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்தக் கட்டடம்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். முழுக் கதையும் இதில்தான் தங்கியிருக்கிறது.

ஒரு மாடிக் கட்டடம் இரண்டு விதமாக நிற்கலாம். ஒன்று, சுவரே பாரத்தைத் தாங்குவது. செங்கல்லின் மேல் செங்கல் வைத்து, மேல் மாடியின் பாரம் முழுவதையும் கீழ்ச் சுவர் சுமக்கும். மற்றது, எலும்புக்கூடு போல இரும்பாலோ கொங்கிரீட்டாலோ சட்டம் அமைத்து, சுவரை அதற்கு வெறும் போர்வையாக்குவது. சிக்காகோவின் புகழுக்குக் காரணம் இந்த இரண்டாவது முறைதான். ஆனால் மன்செஸ்டர் வீதிக் கட்டடம் தோற்றத்தில் சிக்காகோ, உடம்பில் செங்கல்.

செங்கல் நல்ல பொருள். மேலிருந்து அமுக்கும் பாரத்தை நூறு வருடமும் தாங்கும். பக்கவாட்டில் ஆட்டினால்தான் அது தாங்காது. சுவர் ஒரு பக்கம் சாயும்போது ஒரு சாய்வான வெடிப்பு விழும், மறுபக்கம் சாயும்போது அதற்கு எதிராக இன்னொன்று. அதனால்தான் நிலநடுக்கம் கண்ட செங்கற் சுவரில் பெருக்கல் குறி போன்ற வெடிப்புகளைக் காண்கிறோம். சுவரும் மாடித் தளமும் ஒன்றோடொன்று நன்றாகப் பிணைக்கப்படாவிட்டால், சுவர் தனியாகக் கழன்று வீதிப் பக்கம் விழும்.

இது அன்றைய ஆட்களுக்குத் தெரியாத விடயமும் இல்லை. அதே நகரத்தின் நடுவில் உள்ள தேவாலயக் கோபுரத்தின் கல் உச்சியை 1888 இல் ஒரு நிலநடுக்கம் விழுத்தியது. திருத்திக் கட்டினார்கள். 1901 இல் மீண்டும் ஆட்டம், மீண்டும் சேதம். "இனிக் கல் வேண்டாம்" என்று மரத்தால் செய்து செப்புத் தகடு போர்த்தினார்கள். அதற்கு நான்கு வருடம் கழித்துத்தான், அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், ஏழு மாடிக்குச் செங்கல் அடுக்கினார்கள்.

அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. மனிதர்கள் அப்படித்தான். ஆபத்து வந்து போய் நான்கு வருடமானால், அது மற்ற ஆளுக்கு நடந்த கதையாகிவிடும். நாமும் அப்படித்தானே?

கட்டடம் நூறு வருடங்களுக்கு மேல் நின்றது. கம்பெனி போனது, காப்புறுதிக் காரியாலயம் வந்தது, எம்.எல்.சி. கட்டடம் என்று பெயர் மாறியது. பின்னர் மன்செஸ்டர் கோர்ட்ஸ் என்றானது. தேசிய மரபுரிமைப் பட்டியலில் அதற்கு முதலாம் வகுப்பு கிடைத்தது. அந்த நாட்டில் ஒரு கட்டடத்துக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த அந்தஸ்து அது.

2010 செப்டெம்பர் 4, சனிக்கிழமை. அதிகாலை 4.35. நகரத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோமீற்றரில் 7.1 அளவிலான நிலநடுக்கம். அங்கே அப்படியொரு வெடிப்பு நிலத்துக்குள் இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. செங்கற்கள் வீதியெல்லாம் கொட்டின. ஆனால் ஊர் தூங்கிக்கொண்டிருந்த நேரம், வீதியில் ஆள் இல்லை. கட்டடம் விழுந்து ஒருவர்கூட இறக்கவில்லை.

மன்செஸ்டர் கோர்ட்ஸ் விழவில்லை. ஆனால் தூண்களில் பெரிய வெடிப்புகள். இன்னொரு ஆட்டம் வந்தால் வீதிக்குச் சாயலாம் என்ற பயம். சுற்றியுள்ள பகுதியை அடைத்துவிட்டார்கள். அந்த வேலிக்குள் அகப்பட்ட மற்றக் கடைக்காரர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர்களது கடைக்குச் சேதம் இல்லை, ஆனாலும் திறக்க முடியாது. வாடகை ஓடுகிறது, சம்பளம் கொடுக்க வேண்டும். கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த வலி புரியும்.

வாதம் தொடங்கியது. நாட்டின் முதல் உயர்மாடிகளில் ஒன்று, முதலாம் வகுப்பு மரபுரிமை, இதை இடிப்பதா என்றார்கள் ஒரு பக்கம். பழுது பார்ப்பதற்காக உள்ளே போகும் தொழிலாளியின் உயிருக்கு யார் பொறுப்பு என்றார்கள் மறுபக்கம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் ஒக்டோபரில் மாநகர சபை இடிப்புக்கு அனுமதி கொடுத்தது. நூற்றைந்து வருடக் கட்டடத்தைப் படிப்படியாக இறக்கத் தொடங்கினார்கள். மனம் கசந்தவர்கள் நிறையப் பேர்.

அந்த வருடம் டிசம்பர் 26 ஆம் திகதி, நமக்குச் சுனாமி வந்த அதே திகதியில், நகரத்துக்கு நேர் கீழே இன்னொரு ஆட்டம் வந்து மேலும் சில கடைச் சுவர்களைச் சேதப்படுத்தியது.

பிறகு 2011 பெப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை. பகல் 12.51. சாப்பாட்டு நேரம், வீதி நிறைய ஆட்கள். செப்டெம்பரை விட அளவில் சிறியது, 6.3 தான். ஆனால் நகரத்துக்கு மிக அருகில், வெறும் 5 கிலோமீற்றர் ஆழத்தில். 185 பேர் இறந்தார்கள்.

கொழும்பு வீதியில் போய்க்கொண்டிருந்த ஒரு பஸ்ஸின் மேல் பழைய கடையொன்றின் செங்கற் சுவர் விழுந்தது. அந்த பஸ்ஸில் இருந்தவர்களில் உயிர் தப்பியவர் ஒரே ஒருவர். நகரம் முழுவதும் இப்படி விழுந்த செங்கற் சுவர்களால் மட்டும் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின.

அந்தப் பகலில் மன்செஸ்டர் கோர்ட்ஸ் இருந்த மூலையில் வீதிக்கு விழக்கூடிய ஏழு மாடிச் சுவர் இல்லை. பெருமளவு ஏற்கெனவே இறக்கப்பட்டிருந்தது. நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் கொழும்பு வீதியில் நடந்ததைப் பார்த்தவர்கள், இடிப்பு விடயத்தில் முன்பு பேசிய தொனியில் மீண்டும் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம்.

கதையை இதோடு முடித்தால், "பழைய கட்டடம் ஆபத்து, புதிய கட்டடம் பாதுகாப்பு" என்று பிள்ளைகள் எழுதிவைத்துக்கொள்வார்கள். அது பிழை. அன்று அதிக உயிர்களை எடுத்தது பழைய கட்டடம் இல்லை. மெட்ராஸ் வீதியில் இருந்த சி.டி.வி. என்ற தொலைக்காட்சி நிலையக் கட்டடம்தான். அது 1986 இல் கட்டப்பட்ட கொங்கிரீட் கட்டடம், ஆறு மாடி. அது மட்டும் 115 பேரின் உயிரை எடுத்தது. செப்டெம்பர் ஆட்டத்துக்குப் பிறகு அதைப் பரிசோதித்து, பாவிக்கலாம் என்று பச்சை அட்டை ஒட்டியிருந்தார்கள். பின்னர் நடந்த அரச விசாரணையில், அதன் வடிவமைப்பிலேயே குறை இருந்தது தெரியவந்தது. ஆக, கட்டடத்தின் வயது மட்டும் நமக்கு எதையும் சொல்லாது. உள்ளே என்ன இருக்கிறது, யார் கணக்குப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

லட்ரெல் சகோதரர்கள் அதே கம்பெனிக்கு இன்னொரு கட்டடமும் கட்டினார்கள். டுனீடின் என்ற ஊரில், 1908 முதல் 1910 வரை, அதே ஏழு மாடி. ஆனால் இம்முறை செங்கல்லை விட்டுவிட்டுக் கம்பி போட்ட கொங்கிரீட்டுக்குப் போனார்கள். அந்தத் தம்பி இன்றும் நிற்கிறது. டுனீடினுக்கு கிரைஸ்ட்சேர்ச்சைப் போன்ற ஆட்டம் வரவில்லை, ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிடுவது நீதியில்லை. என்றாலும் ஒரே கைகள் இரண்டு மூன்று வருடத்தில் முறையை மாற்றியது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாற்றத் தெரிந்திருக்கிறது. ஆனால் முதலில் கட்டியதைத் திரும்பிப் போய்ப் போதிய அளவு பலப்படுத்த நூறு வருடமும் போதவில்லை.

நடுவில் எச்சரிக்கை வராமலும் இல்லை. 1931 பெப்ரவரி 3 இல் நேப்பியர் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தது. 256 பேர் இறந்தார்கள். 1935 இல் கட்டட விதிகள் வந்தன. ஆனால் அவை புதிதாகக் கட்டுபவர்களுக்கு. பழையவை அப்படியே நின்றன. 2004 இல் வந்த சட்டம் பழையவற்றைப் பற்றியும் பேசியது, ஆனால் தவணை பல வருடங்கள். உரிமையாளருக்குச் செலவு, சபைக்குச் சங்கடம், எல்லோரும் "பிறகு பார்ப்போம்" என்றார்கள். அந்த "பிறகு" 2010 இல் வந்தது. அந்தக் கட்டடம் இழக்கப்பட்டது செப்டெம்பர் 4 ஆம் திகதி என்று புத்தகத்தில் இருக்கும். என்னைக் கேட்டால், தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடமும் அது கொஞ்சம் கொஞ்சமாக இழக்கப்பட்டது.

அந்த பஸ்ஸில் தப்பிய ஒருவரைச் சொன்னேன் அல்லவா? அவர் ஒரு பெண். அவர் சும்மா இருக்கவில்லை. சன நடமாட்டம் உள்ள வீதிகளில் விழக்கூடிய செங்கற் சுவர்களையும் முகப்புகளையும் மற்றவற்றுக்குக் கொடுக்கும் தவணையில் பாதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று வாதாடினார். 2016 இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தில் அது சேர்ந்தது. முழுக் கட்டடத்தையும் திருத்தப் பணம் இல்லையென்றால், முதலில் வீதிக்கு விழக்கூடியதையாவது இறுக்கிக் கட்டு. எவ்வளவு எளிமையான விடயம்!

இப்போது நம்மட ஊருக்கு வருகிறேன்.

நமக்கு நிலநடுக்கம் வராது என்று சொல்வோம். 1615 இல் கொழும்பை ஒரு பெரிய நிலநடுக்கம் தாக்கியதாகப் போர்த்துக்கேயர் காலத்துச் செய்தி சொல்கிறது. அதை விடுங்கள். 2004 இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலுக்கடியில் வந்த நிலநடுக்கம்தானே சுனாமியாக நமது கரையை அடித்தது? நமது கிழக்குக் கரையை, அம்பாறை மாவட்டத்தை, எப்படி அடித்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வாப்பாவின் கடை அதில் போனது. கடற்கரைப் பக்கம், ஓட்டுக் கூரை, முன்னால் பலகை அடுக்கிப் பூட்டும் கதவு. வாப்பாவின் வாப்பா தொடங்கிய கடை. அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதற்கே நாளெல்லாம் சுக்ர் செய்ய வேண்டும். ஆனால் அந்தக் கடையின் ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. என் பிள்ளைகள் "மூத்த வாப்பாட கடை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், கையால் காற்றில் வரைந்து காட்டுகிறேன்.

மன்செஸ்டர் கோர்ட்ஸ் போய்விட்டது. ஆனால் அதை யார் வரைந்தது, யார் கட்டியது, எந்த வருடம், பிறகு யாருடைய கைக்கு மாறியது, எல்லாம் இருக்கிறது. படங்கள் இருக்கின்றன. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு வாத்தியார் வகுப்பறையில் அதைப் பாடமாக நடத்த முடிகிறது. நமது பஸார் வீதியைப் பற்றி அங்கே யாராவது இப்படிப் பாடம் நடத்த முடியுமா? நமது பிள்ளைகளுக்கு நாமே நடத்த முடியுமா? நமது கட்டடங்கள் ஒருமுறை நிலத்தில் இருந்து போகின்றன, பிறகு நினைவில் இருந்தும் போகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். பஸாரில் பழைய செங்கற் சுவரின் மேல் தட்டுப் போட்டு, அதற்கு மேல் இன்னொரு மாடி ஏற்றும் பழக்கம் இருக்கிறது. "மேசன் சொன்னார், தாங்குமாம்." மேசன் நல்ல மனிதர்தான். ஆனால் பாரத்தைக் கணக்குப் பார்ப்பது பொறியியலாளரின் வேலை. கீழே பலகாரம் வாங்க நிற்பது நம்மட பிள்ளைகள்.

வேண்டுகோள் இரண்டு. ஒன்று, கடை உள்ளவர்கள் வெடிப்பு விழுந்த சுவரை, வீதிப் பக்கம் சாய்ந்து நிற்கும் முகப்பை, இந்த மாதமே ஒரு பொறியியலாளருக்குக் காட்டுங்கள். முழுவதும் திருத்தப் பணம் இல்லாவிட்டாலும், வீதிக்கு விழக்கூடியதை முதலில் பாருங்கள்.

இரண்டு, உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய கல்யாணப் படங்கள் இருக்கும். மாப்பிள்ளை ஊர்வலத்தின் பின்னால் ஏதாவது கடை தெரியும், ஒரு பெயர்ப் பலகை தெரியும், பள்ளிவாசலின் பழைய மினாரா தெரியும். அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து இந்தப் பதிவின் கீழ் போடுங்கள். எந்த வருடம், யாருடைய கடை என்று தெரிந்ததை எழுதுங்கள். வயதான வாப்பா, உம்மா, மூத்தம்மா இருந்தால் கேட்டு எழுதுங்கள். அவர்களும் எப்போதும் நம்மோடு இருக்கப் போவதில்லை. கிடைப்பதை எல்லாம் சேர்த்து, இன்ஷா அல்லாஹ், அடுத்த தவணையில் தரம் 10 பிள்ளைகளைக் கொண்டு நமது பஸார் வீதியின் வரைபடம் ஒன்றை வரைவிக்க நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு கடைக்கும் பெயரும் வருடமும் போட்டு.

பின் வரிசையில் இருந்து கத்திய அந்தப் பிள்ளைக்குத்தான் முதல் வேலை கொடுக்கப் போகிறேன்.

அல்லாஹ் நம் எல்லோரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.